படகு டிரெய்லரும் பேரிங் கிட்டும்: ஒரு சிறு வணிகத்தின் வரலாறு

படகு டிரெய்லர் பேரிங் கிட் என்பது ஒரு சக்கரத்தில் தேய்ந்துபோகக்கூடிய பாகங்களை ஒரே உறையில் அடைத்து விற்கும் சரக்கு. உள்பக்கத்துக்கு ஒன்றும் வெளிப்பக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு கூம்புருளை பேரிங்குகள், அவை உட்காரும் இரண்டு கப்புகள், ஓர் ஆயில் சீல், நட்டு கழன்றுவிடாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின் ஆகியவை அதில் இருக்கும். சில உறைகளில், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் வாயை மூடும் உலோக மூடியும் சேர்ந்து வரும். இதை வாங்குபவர்களில் பெரும்பாலோர் படகின் சொந்தக்காரர்கள். வீட்டு வாசலில் டிரெய்லரை நிறுத்தி, ஜாக்கி போட்டுத் தூக்கி, தாங்களே கழற்றி மாட்டுகிறவர்கள். இந்த வணிகம் பெரிதாக வளர்ந்த இடம் அமெரிக்கா. அங்கே படகு மோட்டார், நெடுஞ்சாலை, அணைக்கட்டு, பேரிங் என்ற நான்கும் தனித்தனியே வளர்ந்து வந்து சேர்ந்த இடத்தில் இதற்கான தேவை பிறந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்பப் படகு என்பது தண்ணீரிலேயே கிடந்த பொருள். ஏரிக்கரையில் வீடோ படகுக் கொட்டகையோ உள்ளவரே அதை வைத்துக்கொள்ள முடிந்தது. அந்த நிலையை மாற்றத் தொடங்கியது, படகின் பின்பலகையில் மாட்டிக் கழற்றக்கூடிய அவுட்போர்டு மோட்டார். நார்வேயில் பிறந்து விஸ்கான்சின் மாநிலத்தில் வளர்ந்த ஓலே எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டாரின் திறன் ஒன்றரை குதிரைத்திறன். விலை 62 டாலர். அவருக்கு முன்பே டெட்ராய்டில் கேமரன் வாட்டர்மேன் இத்தகைய மோட்டாரை விற்றிருந்தார். ஆனால் பரவலாக நிலைத்தது எவின்ரூட்டின் வடிவமே. 1920களில் அலுமினியப் பாகங்கள் வந்து எடை குறைந்தபின், சிறு படகையும் மோட்டாரையும் காரில் கட்டி எடுத்துச் செல்லலாம் என்ற எண்ணம் மீன்பிடிப்போரிடையே பரவியது.

உண்மையான பெருக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தது. ஒஹையோ மாநிலத்தின் டொலிடோவில் ரே கிரீன் 1942இலேயே கண்ணாடியிழைப் படகு ஒன்றைக் கட்டியிருந்தார். போர் முடிந்ததும் அந்தப் பொருள் சந்தைக்கு வந்தது. பலகைப் படகைக் கரையில் நெடுநாள் காயவிட்டால் இணைப்புகள் வாய்விட்டுக் கசியும். கண்ணாடியிழைக்கும் அலுமினியத்துக்கும் அந்தக் கவலை இல்லை. வாரம் முழுவதும் வீட்டு வாசலில் நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தண்ணீரைப் பார்க்கும் படகு அப்போதுதான் சாத்தியமானது. 1945இல் தொடங்கிய யூ-ஹால் நிறுவனம் வாடகை டிரெய்லர்களை நாடெங்கும் பரப்பியதில், காருக்குப் பின்னால் ஒன்றை இழுத்து ஓட்டுவது சாதாரணக் குடும்பத்துக்கும் பழகிப்போனது. 1956இல் கையெழுத்தான நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் நீளத்துக்குத் தங்குதடையற்ற சாலைகளுக்கு வழிசெய்தது.

அதே காலத்தில் தண்ணீரும் மக்களைத் தேடி உள்நாட்டுக்கு வந்தது. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1933 முதல் கட்டிய அணைகளும், ராணுவப் பொறியாளர் படை கட்டிய அணைகளும், கடலிலிருந்து வெகு தொலைவில் பெரிய நீர்த்தேக்கங்களை உண்டாக்கின. அவற்றின் கரைகளில் படகு இறக்கும் கான்கிரீட் சரிவுகள் எழுந்தன. தூண்டில், மீன்பிடிக் கருவிகள் மீதான வரிப்பணத்தை மாநிலங்களுக்குப் பகிரும் டிங்கல்-ஜான்சன் சட்டம் 1950இல் வந்தது. 1984இல் செய்யப்பட்ட வாலப்-புரோ திருத்தம் மோட்டார் படகு எரிபொருள் வரியையும் அந்த நிதியில் சேர்த்து, அதில் ஒரு பங்கைப் படகு இறக்கும் வசதிகளுக்குச் செலவிட்டாக வேண்டும் என்று விதித்தது. படகுக்காரர் கட்டிய வரி சரிவாகி, அந்தச் சரிவு இன்னும் பல டிரெய்லர்களை அழைத்து வந்தது.

தொடக்ககால டிரெய்லர்களில் பல வீட்டிலேயே செய்யப்பட்டவை. பழைய காரின் முன் அச்சை எடுத்து, அதன்மேல் இரும்புச் சட்டம் பற்றவைத்தால் டிரெய்லர் தயார். ஒஹையோவின் யங்ஸ்டவுனில் டீ-நீ, வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேனில் ஈசி லோடர் போன்ற தொழிற்சாலைகள் வந்தபின்னும் காரின் வழிமுறை தொடர்ந்தது: கார் முன்சக்கரத்தில் உள்ளதுபோல் நிலையான ஸ்பிண்டில், அதன்மேல் சுழலும் ஹப், ஹப்புக்குள் இரண்டு பேரிங். மாறியது சக்கரத்தின் அளவு. படகைத் தாழ்வாக வைத்தால்தான் ஆழமில்லாத சரிவிலும் எளிதாக மிதக்கவிடலாம் என்பதால் சிறிய டிரெய்லர்களுக்கு எட்டு அங்குல ரிம்முள்ள சின்னச் சக்கரங்களைப் பொருத்தினார்கள். மணிக்கு 55 மைல் வேகத்தில் கார் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 சுற்று சுற்றினால், இந்தச் சின்னச் சக்கரம் 1,100 சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். பேரிங்குக்கு ஓய்வில்லாத இந்த ஓட்டம் பின்னால் வரும் கதைக்கு முக்கியம்.

ஹப்புக்குள் இருக்கும் கூம்புருளை பேரிங் குதிரைவண்டிக் காலத்தில் பிறந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் வண்டி கட்டும் தொழில் செய்த ஹென்றி டிம்கன் 1898இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வண்டி வளைவில் திரும்பும்போது சக்கரத்தின்மேல் மேலிருந்து ஒரு சுமையும் பக்கவாட்டில் ஒரு சுமையும் சேர்ந்தே விழுகின்றன. உருளைகளைச் சாய்வாக அமைத்ததால் இரண்டையும் ஒரே பேரிங் தாங்கியது. டிம்கனின் நிறுவனம் சில ஆண்டுகளில் ஒஹையோவின் கேன்டனுக்கு இடம்பெயர்ந்தது. கார்த் தொழில் அதன் பெரிய வாடிக்கையாளரானது.

இந்தப் பேரிங்கின் இரண்டு குணங்கள்தான் பின்னாளில் கிட் வணிகத்துக்கு வழிவிட்டன. ஒன்று, அது இரண்டாகப் பிரியும். உருளைகளோடு சேர்ந்த கோன் கையோடு வந்துவிடும்; கப் ஹப்பிலேயே தங்கும். எனவே பெரிய அழுத்த இயந்திரம் எதுவும் இல்லாமல், சுத்தியலும் பித்தளைக் கம்பியும் கொண்டே வீட்டில் மாற்றலாம். இரண்டாவது, ஒவ்வொரு துண்டிலும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்கள் தொழில் முழுமைக்கும் பொதுவாகிவிட்டதால், எந்த நாட்டில் யார் செய்தாலும் எல் 44649 என்ற கோன் ஒரே அளவில்தான் இருக்கும். முக்கால் அங்குல ஸ்பிண்டிலுக்கு எல்எம் 11949. ஒரு அங்குலத்துக்கு எல் 44643. 1-1/16 அங்குலத்துக்கு எல் 44649. 3,500 பவுண்டு அச்சில் உள்பக்கம் எல் 68149, வெளிப்பக்கம் எல் 44649. இந்த நான்கைந்து எண்களுக்குள் சிறிய, நடுத்தரப் படகு டிரெய்லர்களில் பெரும்பகுதி அடங்கிவிடும். கடைக்காரர் சில உறைகளை மட்டும் கொக்கியில் தொங்கவிட்டே வியாபாரம் செய்ய முடிவது இதனால்தான்.

ஆனால் அந்தப் பேரிங் சாலைக்காகச் செய்யப்பட்டது. தண்ணீரில் மூழ்குவதற்காக அல்ல. ஓர் ஏரிக்கு இரண்டு மணி நேரம் ஓட்டி வரும் டிரெய்லரின் ஹப் சூடாகியிருக்கும். உள்ளே கிரீஸ் நிரம்பாத இடத்தில் உள்ள காற்றும் சூடேறி விரிந்திருக்கும். வந்ததும் வராததுமாக டிரெய்லரைச் சரிவில் பின்னோக்கி இறக்கும்போது ஹப் சட்டென்று குளிர்ந்த நீரில் மூழ்குகிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது, வெற்றிடம் உண்டாகிறது, சீலின் உதட்டைத் தாண்டித் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. படகை இறக்கியபின் கண்ணுக்கு எதுவும் தெரியாது. தண்ணீர் கலந்த கிரீஸ் பால்போல் வெளுத்து, பிசுக்கை இழக்கிறது. அடுத்த சில வாரங்கள் டிரெய்லர் அசையாமல் நின்றால், உருளை கப்பைத் தொட்டு நிற்கும் கோடுகளில் துரு பிடிக்கும். அந்தத் துருவே பள்ளமாகி, அடுத்த பயணத்தில் நெடுஞ்சாலையின் நடுவே சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கிறது. உப்புநீரில் இதே காரியம் இன்னும் வேகமாக நடக்கும். மோசமான கட்டத்தில் சக்கரம் ஹப்போடு கழன்று ஓடிவிடுவதும் உண்டு; பின்னால் வரும் வண்டிக்கு அது உயிராபத்து.

பிரிட்டனின் பாய்மரச் சிறுபடகுக்காரர்கள் இந்தச் சிக்கலை வேறுவிதமாகக் கையாண்டார்கள். 1963இல் வெளிவந்து எழுபதாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட மிரர் போன்ற படகுகளுக்கு இரண்டு வண்டிகள் இருக்கும். சாலைக்கு ஒரு டிரெய்லர். அதன்மேல் ஏற்றி வைத்த ஒரு தள்ளுவண்டி. கரைக்கு வந்ததும் தள்ளுவண்டியை மட்டும் தண்ணீரில் இறக்குவார்கள். டிரெய்லரின் சக்கரம் நனையாது. தொழில்நுட்ப அளவில் இது மிகச் சரியான தீர்வு. அமெரிக்காவின் மோட்டார் படகுகளோ ஆளால் தள்ள முடியாத எடை கொண்டவை. காரோடு பூட்டிய டிரெய்லரை அப்படியே தண்ணீருக்குள் இறக்குவதே அங்கே வழக்கமானது. அந்த வழக்கம் நிலைத்த நாளிலிருந்து பேரிங் ஆண்டுக்கொருமுறை திறந்து பார்க்க வேண்டிய பொருளானது. பன்னிரண்டு மாதம் அல்லது 12,000 மைல், எது முதலில் வருகிறதோ அப்போது என்பதே அச்சுத் தயாரிப்பாளர்களின் பொதுவான அறிவுரை.

உரிமையாளர்களே இந்த வேலையைக் கையில் எடுத்ததற்குக் காரணங்கள் தெளிவானவை. படகுக் காலம் தொடங்கும் வசந்தத்தில் எல்லா டிரெய்லர்களுக்கும் ஒரே சமயத்தில் வேலை வரும். பட்டறைகளில் இடம் கிடைக்காது. பட்டறையில் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு கூலிக்கே போகும். பாகங்களின் விலை அதில் சிறுபகுதி. இவற்றைவிட முக்கியமானது, 1950களிலும் 1960களிலும் கார் வைத்திருந்த பலருக்கு முன்சக்கர பேரிங்கைக் கழற்றிக் கிரீஸ் அடிப்பது தெரிந்த வேலை. அதே அறிவு டிரெய்லருக்கும் பொருந்தியது.

வேலையின் போக்கும் அதிகம் மாறவில்லை. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். மூடியைத் தட்டி எடுத்து, ஸ்பிளிட் பின்னை நேராக்கி உருவி, நட்டையும் வாஷரையும் எடுத்தால் வெளிப் பேரிங் கையில் வந்து விழும். ஹப்பை இழுத்து எடுத்து, பின்பக்கச் சீலை நெம்பி எறிய வேண்டும். பழைய சீலைத் திரும்பப் போடக் கூடாது. கப்பின் உட்பரப்பைத் துடைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்தது. கோடு கோடாகப் பள்ளம் இருந்தால் துரு தின்றது. இரண்டில் எது இருந்தாலும் கோனும் கப்பும் ஜோடியாகவே மாற வேண்டும். புதிய கோனுக்குக் கிரீஸ் அடிக்க, உள்ளங்கையில் ஒரு கட்டி கிரீஸை வைத்துக்கொண்டு, கோனின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுப்பார்கள். உருளைகளுக்கு இடையே புகுந்து மறுவிளிம்பில் கிரீஸ் புழுவாக எட்டிப் பார்க்கும்வரை இது தொடரும். கடைசியில் ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திருகி நிறுத்தி, புதிய பின்னைப் போட்டு மடக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் தவறுவது இந்தக் கடைசிக் கட்டத்தில். இறுக்கமாக விட்ட நட்டு பேரிங்கை எரித்துவிடும்.

இந்த வேலைக்கான பாகங்கள் முதலில் தனித்தனியாகவே கார் உதிரிபாகக் கடைகளில் கிடைத்தன. தேய்ந்த பேரிங்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், எண்ணைப் படித்து மாற்றுத் தருவார்கள். பிரச்சினை, துருவில் எண் அழிந்துபோன பேரிங்குகளில்தான். எல் 44643, எல் 44649 ஆகிய இரண்டும் எல் 44610 என்ற ஒரே கப்பில் உட்காரும். பார்வைக்கும் ஒன்றுபோலவே இருக்கும். உள்துளையில் உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. தவறியதைச் சனிக்கிழமை மாலை வாங்கி வந்தால் ஞாயிறு முழுவதும் டிரெய்லர் ஜாக்கிமேல் நிற்கும். கிட் விற்பனையாளர் தீர்த்தது இந்தச் சிக்கலைத்தான். ஸ்பிண்டிலின் விட்டத்தை மட்டும் வாடிக்கையாளர் அளந்து சொன்னால் போதும். அதற்குரிய கோன், கப், சீல் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி உறையில் இருக்கும். பேரிங்கின் எண்ணுக்குப் பதில் ஸ்பிண்டிலின் அங்குல அளவே உறையின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சானது. வாடிக்கையாளர் உறைக்குக் கொடுக்கும் பணத்தில் இரும்பின் விலையைவிட இந்தப் பொருத்தத்தின் விலையே அதிகம் என்று சொல்லலாம்.

விற்பனை வழிகளும் படகுக்காரரை நோக்கி நகர்ந்தன. சியர்ஸ் என்ற தபால்வழி விற்பனையகம் போருக்குப்பின் எல்ஜின் என்ற பெயரில் அவுட்போர்டு மோட்டார்களை விற்றதில், படகுச் சாமான்களைப் பட்டியல் பார்த்து வாங்கும் பழக்கம் வந்திருந்தது. ரேண்டி ரெபாஸ் 1968இல் கலிபோர்னியாவில் தன் வீட்டுக் கார்க் கொட்டகையில் கயிறு விற்றுத் தொடங்கிய வணிகம் பின்னர் வெஸ்ட் மரீன் என்ற சங்கிலிக் கடைகளாக வளர்ந்தது. வட கரோலினாவில் ஓவர்டன்ஸ் 1970களில் தபால்வழி விற்பனையில் இறங்கியது. அட்டையில் பிளாஸ்டிக் குமிழ் போர்த்திய உறைகள், கடைக்காரரிடம் கேட்காமலே வாடிக்கையாளர் எடுத்துக்கொள்ள வசதி செய்தன. 1975இல் வந்த மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டமும் மறைமுகமாக உதவியது. குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகத்தையே வாங்கினால்தான் உத்தரவாதம் செல்லும் என்று பொதுவாக நிபந்தனை விதிப்பதை அது தடுத்தது.

கிட்டுக்கு இணையாக இன்னொரு பொருளும் பரவியது. ஆஸ்திரியாவில் பிறந்த ஆஸ்கர் ஜெர்க் வடிவமைத்த, கிரீஸ் ஏற்றும் முனையான கிரீஸ் நிப்பிளுக்கு 1929இல் காப்புரிமை கிடைத்திருந்தது. அதே நிப்பிளை ஹப்பின் மூடியில் வைத்து, அதற்குப் பின்னால் சுருள்வில் அழுத்தும் ஒரு பிஸ்டனை அமைத்தது ‘பேரிங் படி’ (Bearing Buddy) என்ற சாதனம். உள்ளே நிரப்பிய கிரீஸை அது சதுர அங்குலத்துக்குச் சுமார் 3 பவுண்டு அழுத்தத்தில் வைத்திருக்கும். ஹப் குளிரும்போது வெற்றிடம் உண்டாகாததால் தண்ணீர் உள்ளே வராது. சிக்கலின் வேரைச் சரியாகப் பிடித்த யோசனை இது. ஆனால் வாங்கியவர்கள் பலர் கிரீஸ் கன்னை ஓயாமல் அடித்து, பின்பக்கச் சீலையே பிதுக்கித் தள்ளிவிட்டார்கள். ஹப்பைத் திறந்து பார்க்கும் பழக்கத்தைக் கைவிட்டவர்களும் உண்டு. வெளிப்பக்கத்திலிருந்து அடிக்கும் கிரீஸ் உள்பேரிங்கைச் சரியாகச் சென்றடையாது என்ற குறையைத் தீர்க்க, ஸ்பிண்டிலின் நடுவே துளையிட்டு உள்பேரிங் பக்கம் கிரீஸை வெளியேற்றும் அச்சுகளும் எண்ணெயில் மிதக்கும் ஹப்புகளும் பிறகு வந்தன. இவற்றில் எதுவும் ஆண்டுக்கொருமுறை கழற்றிப் பார்ப்பதற்கு ஈடாகவில்லை.

விலைப் போட்டி 1980களில் கடுமையானது. சீனாவிலிருந்து வந்த கூம்புருளை பேரிங்குகள் நியாய விலைக்கும் குறைவாகக் கொட்டப்படுகின்றன என்று முடிவுசெய்து, 1987இல் அமெரிக்க வணிகத் துறை அவற்றின்மீது கூடுதல் தீர்வை விதித்தது. அப்படியும் மலிவான பேரிங்குகள் கிட்களுக்குள் நிலைபெற்றன. ஆண்டுக்குச் சில நூறு மைல் மட்டும் ஓடி, அடிக்கடி நனையும் டிரெய்லருக்கு உயர்ந்த எஃகைவிட நல்ல சீலும் புதிய கிரீஸும்தான் முக்கியம். தண்ணீர் புகுந்துவிட்டால் எந்தப் பெயர் பொறித்த பேரிங்கும் துருப்பிடிக்கும்.

இதே காலத்தில் காரின் பக்கம் நடந்த மாற்றம் இந்த வணிகத்தின் தன்மையையே திருப்பியது. முன்சக்கர இயக்கக் கார்கள் பெருகியபோது, கிரீஸ் அடிக்கத் தேவையில்லாத, மொத்தமாக மூடி முத்திரையிட்ட பேரிங்குகள் வந்தன. கழற்றிக் கிரீஸ் அடிக்கும் கூம்புருளை பேரிங் காரிலிருந்து மறைந்தது. சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டும் இடத்தில் அது டிரெய்லரில் மட்டும் மிஞ்சியது. தந்தையிடம் பார்த்துப் பழகிய வேலையைச் செய்யும் தலைமுறை போய், உறையில் உள்ள படத்தைப் பார்த்து முதல்முறை செய்யும் தலைமுறை வந்தது. எனவே கிட்களோடு செய்முறைத் தாளும், ஸ்பிண்டிலை எந்த இடத்தில் அளக்க வேண்டும் என்ற வரைபடமும் சேர்ந்தன. அந்த அளவுக்கும் துணியாதவர்களுக்காக, பேரிங்கும் கப்பும் சீலும் கிரீஸும் தொழிற்சாலையிலேயே போட்ட முழு ஹப் விற்பனைக்கு வந்தது. அதை டிரெய்லரின் சட்டத்தில் ஒரு தாங்கியில் மாட்டி எடுத்துச் சென்றால், வழியில் பேரிங் கெட்டாலும், ஸ்பிண்டில் சேதமாகாதவரை, சாலையோரத்திலேயே மாற்றிக்கொள்ளலாம்.

படகு டிரெய்லருக்கான பிற கிட்களின் வரலாறு இதைவிடச் சுருக்கமானது. நீரில் மூழ்கி வெடிக்கும் பல்புகளின் தொல்லையால் விளக்கு கிட்களுக்குச் சந்தை உண்டானது. எல்இடி வந்தபின் அந்தத் தொல்லை பெரிதும் தணிந்தது. உப்பு அரிக்கும் பிரேக் டிரம்களுக்கும், படகு அமரும் கட்டைகளின் கம்பளத்துக்கும், வின்ச் பட்டைக்கும் தனித்தனி உறைகள் உண்டு.

ஆஸ்திரேலியாவில் பேரிங் கிட் வணிகம் காரோடு இன்னும் நெருங்கிய உறவு கொண்டது. அங்கே டிரெய்லர் அச்சுகள் உள்நாட்டுக் கார்களின் முன்சக்கர பேரிங்குகளையே தழுவிச் செய்யப்பட்டன. எல்எம் 67048, எல்எம் 11949 ஆகிய ஜோடி ஹோல்டன் கிட் என்றும், எல் 68149, எல்எம் 12749 ஜோடி ஃபோர்டு கிட் என்றும் விற்கப்படுகின்றன. படகுக்காரர்களுக்கென இவற்றோடு நீர்புகாச் சீல் சேர்த்த தனி வகையும் உண்டு. கடைக்காரர் எடுத்த எடுப்பில் கேட்க வேண்டியது உங்களுடையது ஹோல்டனா ஃபோர்டா என்பதுதான். அதற்கு விடை தெரிந்தால் அளக்கக்கூட வேண்டியதில்லை. ஃபோர்டு 2016இலும் ஹோல்டன் 2017இலும் ஆஸ்திரேலியாவில் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டன. ஹோல்டன் என்ற வணிகப் பெயரே 2020இல் கைவிடப்பட்டது. டிரெய்லர் பேரிங் உறைகளிலோ அந்தப் பெயர் இன்னும் அச்சாகிறது.